ஒரு மூச்சு முன்னதாக

வெஸ்ட்ரே, ஓர்க்னி
அக்டோபர் 6

இஷ்பெல்,

பதினோரு வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன். ஒரு வேலையாகத்தான் எழுதுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வேறு எதையாவது எதிர்பார்த்து நீ இரண்டாவது தாளைத் தேட வேண்டாம். இரண்டாவது தாள் இல்லை.

போன வாரம் டூகல் பெட்ரி போன் செய்தார். ஆக்டர்லின் கர்லிங் கிளப்பின் செயலாளர் இன்னும் அவர்தானாம். என்னிடம் போன் கிடையாது. நான் வேலை பார்க்கும் துறைமுக அலுவலகத்தின் எண்ணை எப்படியோ பிடித்திருக்கிறார். கப்பலிலிருந்து செம்மறிகளை இறக்கிக்கொண்டிருந்தோம். சத்தத்தில் பாதி கேட்கவில்லை.

"மோர்வென், உனக்குச் சிலை வைக்கப் போறோம்மா. ஐஸ் ரிங்க் வாசல்லயே. வெண்கலம்."

"நான் இன்னும் சாகலையே, டூகல்."

"அதுக்கென்ன, எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லை."

எந்தக் காட்சியை வடிப்பது என்று இணையத்தில் ஓட்டெடுப்பு நடத்தியிருக்கிறார்கள். ஒன்றில் கோப்பையைத் தூக்கிப் பிடித்து நிற்கிறேனாம். ஒன்றில் மண்டியிட்டுக் கல்லை விடுகிறேனாம். மூன்றாவது என்னவென்று உனக்குத் தெரியும்.

"உன் வாய்தான்மா ஜெயிச்சுது. மத்த ரெண்டுக்கும் டெபாசிட் போச்சு."

இரண்டு உருவங்கள். முன்னால் குனிந்து, கல் இன்னும் கொஞ்சம் தூரம் போகட்டும் என்று துடைப்பத்தால் ஐஸைத் தேய்க்கிற நீ. பின்னால் வாயைப் பிளந்துகொண்டு நான்.

இரண்டு உலகப் பட்டம். நாட்டுப் பட்டம் எத்தனை என்று எனக்கே மறந்துபோயிற்று. மிஞ்சியது போன் போனாகச் சுற்றுகிற அந்தச் சில வினாடிப் படம்தான். இறுதி ஆட்டத்தின் கடைசிக் கல்லை விட்டுவிட்டு அதன் பின்னாலேயே ஓடுகிறேன். "இஷ்பெல், வேணாம்!" என்று, தேய்ப்பதை நிறுத்தச் சொல்லிக் கத்துகிறேன். உனக்கு எதிர்ப்பக்கம் தேய்க்கிற ஜீனின் துடைப்பம் நிற்கிறது. உன்னுடையது நிற்கவில்லை. கல் வட்டத்தின் நடுவில் போய் உட்காருகிறது. ஜெயிக்கிறோம். கேப்டன் பேச்சைக் கேட்டிருந்தால் தோற்றிருப்பார்கள் என்பதுதான் உலகத்துக்கு அதில் புரிந்தது.

நாம் இருவரும் சம்மதித்தால்தான் வார்ப்பார்களாம். டிசம்பருக்குள் சொல்ல வேண்டும். நான் மறுக்கப் போகிறேன். ஆனால் நான் மட்டும் மறுத்தால், அந்த அம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை என்று அதையும் வேடிக்கையாக்கிவிடுவார்கள். அதனால் நீயும் மறுத்துவிடு. கேட்பது இவ்வளவுதான்.

நலம்தானே? கேட்காமல் முடிக்கக் கூடாது என்று தோன்றியது.

மோர்வென் ஹால்டேன்


ஆக்டர்லின்
அக்டோபர் 15

கேப்டன் அவர்களுக்கு,

நலம். கேட்டதற்கு நன்றி.

இரண்டாவது தாளைத் தேடினேன். பழக்கம்.

உனக்கு ஒரு தீவு இருக்கிறது. கப்பலில் ஏறினாய், போனைத் தூக்கி எறிந்தாய், முடிந்தது. அந்தப் படத்தில் முகம் உன்னுடையது. பெயர் என்னுடையது. முகத்துக்கு வயதாகும். உனக்கு நரைத்திருக்கும், கண்ணாடி போட்டிருப்பாய், இன்னும் கொஞ்ச நாளில் யாரும் அடையாளம் காண மாட்டார்கள். உன் பெயரோ முதலிலேயே யாருக்கும் தெரியாது, நீ வெறும் "கத்துற ஆன்ட்டி". பெயருக்கு நரைக்காது, மோர்வென்.

ஆற்றங்கரையில் நடந்தால் யாராவது ஒரு நாயை என் பெயர் சொல்லி அதட்டுகிறார்கள். பூனை மேஜை விளிம்பிலிருந்து கோப்பையைத் தள்ளினால் இஷ்பெல். மந்திரி ஒருவர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டால் இஷ்பெல். என் அக்கா மகனின் பள்ளியில் சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளைகளுக்கு அதுதான் பெயராம்.

நான் பிரசவம் பார்ப்பவள். மறந்திருக்க மாட்டாய். போன வெள்ளிக்கிழமை ஒரு பெண். தலை தெரிகிறது. இப்போது முக்க வேண்டாம், மெல்ல மூச்சு விடு என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் கணவன் என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்துவிட்டான்.

"ஐயையோ. அந்த இஷ்பெல்லா? நெஜமாவா?"

அவனால் அடக்க முடியவில்லை. கையை வாயருகே குவித்துக்கொண்டு, "இஷ்பெல், வேணாம்!"

அவள் வலியோடு வலியாக அவன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினாள். "வாயை மூடுறியா, ரோரி! அவங்கதான் யார் சொன்னாலும் கேட்க மாட்டாங்களே!"

நல்ல பெண். குழந்தையும் பெண். என் பெயரை வைக்கப் போவதாகச் சொன்னார்கள். தயவுசெய்து வேண்டாம் என்றேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் அதே சொல்லைத்தான் சொன்னேன் என்று அப்புறம்தான் உறைத்தது.

சிலையைப் பற்றி நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. நீ சொல்லி நான் உடனே நிறுத்த வேண்டும் என்று இன்னமும் எதிர்பார்க்கிறாய் பார், அதுதான் ஆச்சரியம்.

எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. கர்லிங் வழக்கப்படி ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்குக் குடிக்க முதல் கோப்பை வாங்கிக் கொடுத்து அவர்களோடு ஒரே மேஜையில் உட்கார வேண்டும். ஊரில் செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்கே நாம் அதை விட்டதில்லை. அன்றைக்குத் தோற்ற ஸ்வீடன்காரர்களுக்கு நீ வாங்கினாய். தட்டை வைத்தாய். உட்காரவில்லை. போய்விட்டாய். அவர்களுடைய கேப்டன் சிக்னே உன் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "உங்க கேப்டன் தோத்துட்டாங்களா?"

பதினோரு வருடமாக அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தோல்வி என்று தெரிந்த பிறகும் ஆடிக்கொண்டே இருப்பவள் நீ. மற்ற கேப்டன்கள் கையுறையைக் கழற்றி எதிராளியிடம் கையை நீட்டுவார்கள், ஆட்டத்தைக் கொடுத்துவிட்டுச் சூப் குடிக்கப் போவார்கள். அதில் ஒரு அவமானமும் இல்லை. நீ ஒருநாளும் கழற்றியதில்லை. கடைசிக் கல் வரை நிற்பாய். நாங்களும் பசியோடு நிற்போம். அப்படிப்பட்டவள் ஜெயித்த அன்றைக்கு எழுந்து போனாய்.

இ. டெயிட்


வெஸ்ட்ரே
அக்டோபர் 24

இஷ்பெல்,

நீ சிரித்தாய். அதனால்தான்.

பரிசளிப்புக்கு முன்னால் அந்த நிருபர் உன்னிடம் மைக்கை நீட்டினான். "கேப்டன் கத்துனது உங்களுக்குக் கேட்டுச்சா?" என்றான். ஒரு வார்த்தை போதும். கேட்டது என்றோ, கேட்கவில்லை என்றோ. நீ சிரித்தாய். என் கத்தல், கல், உன் சிரிப்பு. வெட்டி ஒட்டியவனுக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

நான் அப்போது உனக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். படத்தில் என் தோள் தெரியும்.

தீவு என்கிறாய். ஆகஸ்டில் தெற்கிலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. நான் கயிற்றைத் தூணில் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு சின்னப் பெண், பல் விழுந்த வாய். "அம்மா, கத்துற ஆன்ட்டி!" அம்மாவுக்குச் சங்கடம். அப்பா ஏற்கனவே போனை எடுத்துவிட்டார். "ஒரே ஒரு தடவை, குழந்தைக்காக..."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பத்து வருடமாக மாட்டேன் என்றுதான் சொன்னேன். அன்றைக்கு மறுத்து, விளக்கம் சொல்லி, அவர்கள் முகம் சுருங்குவதைப் பார்க்கத் தெம்பில்லை. கத்திவிட்டேன். துறைமுகத்தில் நின்று, கையில் கயிற்றோடு, உன் பெயரை. கடற்பறவைகள் எழுந்தன.

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தது. பிறகு சொன்னது: "போன்ல இன்னும் நல்லா இருக்கும்."

என்னோடு வேலை பார்க்கும் மேக்னஸ் எதையும் பார்க்காதவர் போலக் கப்பலுக்குள் போனார். திரும்பி வந்து, "டீ ஆறிடும், மோர்வென்," என்றார். நல்ல மனிதர்.

சிலையை ஏன் மறுக்கிறேன் தெரியுமா. படம் என்றால் மூடி வைத்துவிடலாம். சிலை மழையில் நிற்கும். வாயில் தண்ணீர் தேங்கும். சனிக்கிழமை பையன்கள் வறுத்த உருளைக்கிழங்கைத் திணிப்பார்கள். ஒரு வசந்தத்தில் ஏதாவது குருவி கூடு கட்டும், அதைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவார்கள். நான் போன பிறகும் அந்த வாய் மூடாது. தப்பாகக் கத்திய ஒரு வாய். ஆக்டர்லினில் நான் பிறந்தேன், இஷ்பெல். அந்த ரிங்கில்தான் நடக்கக் கற்றேன். அங்கே என்னை இப்படி நிறுத்தி வைக்காதே.

கெஞ்சுகிறேன் என்று எழுத நினைத்தேன். எழுதிவிட்டேன் போலிருக்கிறது.

மோர்வென்


ஆக்டர்லின்
நவம்பர் 3

மோர்வென்,

சிற்பி வந்திருந்தாள். ஃபென்னெல்லா என்று பெயர். அளவு மட்டும் எடுத்துக்கொள்கிறேன், சம்மதம் பிறகு சொல்லுங்கள் என்றாள். கர்லிங் பற்றி ஒன்றும் தெரியாது. அது பிடித்திருந்தது.

"எதுக்குங்க அந்த ஐஸைப் பெருக்கிக்கிட்டே ஓடுறீங்க?"

"பெருக்கினா கல்லு கொஞ்சம் கூடப் போகும். வளையாம நேராவும் போகும்."

"நிறுத்தினா?"

"வளையும். சீக்கிரம் நின்னுடும்."

"எப்ப நிறுத்தணும்னு எப்படித் தெரியும்?"

யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. ஏன் நிறுத்தவில்லை என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

நான் குனிந்திருப்பேன். எனக்குத் தெரிவது கல்லும் அதற்கு முன்னால் ஒரு முழம் ஐஸும். வட்டம் தெரியாது. எதிராளியின் கற்கள் தெரியாது. கல் எங்கே போகிறது என்று எனக்குச் சொல்வது உன் குரல் ஒன்றுதான். அந்த நிருபர், அது கேட்டதா என்றான். உன் அணியில் ஆடிய ஒன்பது வருடத்தில் நான் வேறு எதைக் கேட்டேன்? அதனால் சிரித்தேன். மீனிடம் போய், தண்ணீர் ஈரமாக இருந்ததா என்று கேட்டது போல இருந்தது. பதில் சொல்லத்தான் திரும்பினேன். அதற்குள் மைக்கை ஜீனிடம் கொண்டுபோய்விட்டான். பிறகு மேஜைக்கு வந்தேன். உன் நாற்காலி காலியாக இருந்தது.

சொல்ல வந்தது இதுதான். நீ எப்போதும் ஒரு மூச்சு முன்னதாக நிறுத்தச் சொல்வாய். எல்லா ஆட்டத்திலும். நான் எப்போதும் அந்த ஒரு மூச்சுக்குப் பிறகு நிறுத்துவேன். செவ்வாய்க்கிழமை ஆட்டங்களின் பழைய படங்களை எடுத்துப் பார், யாரிடமாவது இருக்கும். ஜீன் சட்டென்று நிற்பாள். நான் இன்னும் மூன்று நான்கு தடவை தேய்த்துவிட்டு நிற்பேன். அன்றைக்கும் அவ்வளவுதான். அதற்குப் பெயர் பேச்சைக் கேட்காதது என்றால், முதல் நாளிலிருந்தே நான் கேட்டதில்லை. நீயும் ஒருநாளும் திட்டியதில்லை.

ஃபென்னெல்லா எப்படித் தேய்ப்பேன் என்று செய்து காட்டச் சொன்னாள். கூடத்தில், கம்பளத்தின் மேல், சமையலறைத் துடைப்பத்தோடு. வரவில்லை. உடம்புக்கு வழி தெரியவில்லை. கிழவி போல ஏதோ செய்தேன். அவள் போனை எடுத்து அந்தப் படத்தைப் போட்டாள். உன் குரல் வந்தது. கை தானாக ஓடியது. இடுப்பு தாழ்ந்தது. பிறகு "இஷ்பெல், வேணாம்." ஒரு மூச்சு. நின்றேன்.

அவள் அளவுநாடாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

அந்தக் கத்தலை நான் அதுவரை முழுதாகக் கேட்டதே இல்லை. எங்கே வந்தாலும் அணைத்துவிடுவேன், அல்லது அறையை விட்டு வெளியே போய்விடுவேன். அது அதட்டல் இல்லை, மோர்வென். எல்லோரும் அதட்டல் என்கிறார்கள். சாலையைக் கடக்கிற ஒருவரைப் பின்னாலிருந்து கூப்பிடுவது போல இருக்கிறது.

இன்னும் நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. இதைப் படித்த பிறகும் மறுக்கச் சொன்னால் மறுத்துவிடுகிறேன். ஒரு வரி எழுது. இந்த முறை உடனே நிறுத்துவேன். களைத்துவிட்டேன்.

இஷ்பெல்


வெஸ்ட்ரே
நவம்பர் 14

இஷ்பெல்,

இரண்டு நாள் கப்பல் ஓடவில்லை. உன் கடிதம் கிர்க்வால் துறைமுகத்தில் ஒரு தபால் பையில் கிடந்திருக்கிறது. இன்று வந்தது. மேக்னஸ் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "கெட்ட சேதியா?" என்றார். தெரியவில்லை என்றேன்.

நீ தாமதமாக நிற்பவள் என்று எனக்குத் தெரியும். நீ வந்த முதல் குளிர்காலத்திலேயே தெரியும். திருத்தலாமா என்று யோசித்தேன். நீ தேய்க்கும்போது ஒரு வேகம் இருந்தது. சட்டென்று நிற்கக் கற்றுக்கொடுத்தால் அது போய்விடும் என்று பட்டது. அதனால் உன்னிடம் ஒன்றும் சொல்லாமல், நான் ஒரு மூச்சு முன்னதாகச் சொல்ல ஆரம்பித்தேன்.

நான் முன்னதாகச் சொல்வதால் நீ தாமதமாக நின்றாய் என்கிறாய். நீ தாமதமாக நிற்பதால் நான் முன்னதாகச் சொன்னேன். யார் முதலில் என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. ஒன்பது வருடம் இதை நாம் பேசியதே இல்லை. இப்போது இதை எழுதும்போது சிரிப்பு வந்தது. மேக்னஸ் திரும்பிப் பார்த்தார்.

இரண்டு பேர் தேய்த்தார்கள். நான் ஏன் ஒருத்தியின் பெயரை மட்டும் கத்தினேன் என்று யாராவது கேட்டார்களா? இத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள். ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஜீனுக்குப் பெயர் சொல்லத் தேவையில்லை. முன்னதாகச் சொல்ல வேண்டியது உனக்குத்தான்.

அன்றைக்குக் கல்லையும் உன் முதுகையும் பார்த்துக்கொண்டு ஓடிவந்தபோது எதுவும் தப்பாக இல்லை. எல்லாம் எப்போதும் போல. கல் நின்றது. கையைத் தூக்கினேன். அப்புறம் மேலே பெரிய திரையில் மறுபடியும் போட்டார்கள். மெதுவாக. ஜீனின் துடைப்பம் நிற்கிறது. உன்னுடையது நிற்கவில்லை. அரங்கம் முழுக்கச் சிரித்தது. ஒரு கேப்டன் தப்பாகக் கத்துகிறாள், ஒருத்தி அவளை மதிக்கவில்லை. திரையில் அப்படித்தான் இருந்தது. பார்க்கப் பார்க்க அதுதான் நடந்தது என்று எனக்கே ஆகிவிட்டது. கண்ணெதிரே நடந்ததைவிட, மேலே ஓடியது பெரிதாக இருந்தது. பிறகு நீ சிரித்தாய்.

அதிலிருந்து நானும் அவர்களில் ஒருத்தியாகத்தான் அதைப் பார்த்துவந்திருக்கிறேன். மற்றவர்களுக்கு வேடிக்கை. எனக்கு வேடிக்கைகூட இல்லை.

சிக்னே கேட்ட கேள்விக்கு இப்போது பதில் தெரிகிறது. ஆமாம்.

சம்மதம் என்று டூகலுக்கு எழுதிவிட்டேன். வாய் திறந்தே இருக்கட்டும். கையுறையைக் கழற்றிவிட்டேன் என்று வைத்துக்கொள். உன்னிடம் இல்லை, அந்தப் படத்திடம். அதை என்னால் வெல்ல முடியாது. விளக்கினால் ஒரு பக்கம் ஆகிறது, அவர்களிடம் இருப்பது சில வினாடிகள். சிலையைப் பார்ப்பவர்கள் என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும். அது சரியான நேரத்தில் கத்திய வாய் என்று இரண்டு பேருக்குத் தெரியும். போதுமா என்று கேட்டால், போதாது. ஆனால் மாலையாகிவிட்டது, எல்லோருக்கும் பசி.

ஒரே ஒரு நிபந்தனை. ஃபென்னெல்லாவிடம் சொல். தொண்டையில் ஒரு துளை வைக்கட்டும், தண்ணீர் இறங்கிப் போக. குருவியைப் பற்றி ஒன்றும் செய்ய முடியாது.

திறப்பு விழாவுக்கு வர மாட்டேன். அவ்வளவு தூரம் இன்னும் வரவில்லை.

மோர்வென்


ஆக்டர்லின்
மார்ச் 4

மோர்வென்,

நேற்று கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறது. நான் உள்ளே நுழைந்து பார்த்தேன்.

துளை இருக்கிறது. டூகல் ஏணியில் ஏறி ஒரு கெட்டில் தண்ணீரை உன் வாயில் ஊற்றினார். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு இடது குதிகாலில் வந்தது. "ஆகா, அம்மாவுக்கு எல்லாம் ஒழுங்கா இறங்குது!" என்று கைதட்டினார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

என் முகம் தெரியவில்லை. குனிந்திருக்கிறேன், தலைமுடி விழுந்து மறைக்கிறது. நான் கேட்டுக்கொண்டது. உன் வாய்க்கும் என் முதுகுக்கும் நடுவில் நான்கு பேர் நிற்க இடம் இருக்கிறது. நின்று படம் எடுப்பார்கள். எடுக்கட்டும்.

கீழே பலகையில் என்ன வாசகம் போடலாம் என்று கூட்டம் போட்டார்கள். அந்தக் கத்தலைப் போட வேண்டும் என்று பாதிப் பேர். நான் எழுந்து, பெயர்கள் மட்டும் போதும் என்றேன். உன் பெயர் முதலில், முழுதாக, பெரிய எழுத்தில். இனிமேல் கத்துற ஆன்ட்டிக்கும் ஒரு பெயர் உண்டு. என்னுடையது கீழே, சின்னதாக. எனக்கு அது ஓய்வு.

பதினான்காம் தேதி விழா. சிக்னே வருகிறாள். கேட்டாளாம், மேஜை உண்டா என்று. ரிங்க் மாடியில் போட்டிருக்கிறோம். முதல் கோப்பையை நீ அன்றைக்கே வாங்கிவிட்டாய். உட்காருவதுதான் பாக்கி.

ஆனால் வர மாட்டேன் என்று எழுதியிருந்தாய். சரி. அந்த வாரம் வடக்கே பெரிய காற்று என்கிறார்கள். கப்பல் ஓடினாலும் ஓடும், ஓடாமலும் போகும். வந்தாலும் கூட்டம், போன்கள், கத்தச் சொல்வார்கள். மண்டியிட்டு மண்டியிட்டுத் தேய்ந்த உன் முழங்கால் வேறு. ஒருவர் சொல்லித் தடுக்க வேண்டிய பயணம்தான் இது. இந்த முறை பின்னால் நிற்பது நான். கடிதம் வந்து சேர நாளாகும் என்பதால் ஒரு மூச்சு முன்னதாகவே சொல்கிறேன்.

மோர்வென், வேணாம்!

இஷ்பெல்